திரும்பி வருகிற மைலுக்கு என்ன விலை

அந்த வீட்டு முன்னறையில் ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, ஒரு பக்கச் சுவரையே மறைத்த சாலை வரைபடம். மேசைக்குப் பின்னால் மூத்த மருமகள். அவள் கணவன் ஒரு வேன் ஓட்டினான், கணவனின் தம்பி இன்னொரு வேன் ஓட்டினான். இருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியுமே தவிர, வாயைத் திறந்து ஒரு விலை சொல்லத் தெரியாது. "கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன்" என்று யாராவது இழுத்தால் போதும், அண்ணன் தம்பி இரண்டு பேரும் உருகிவிடுவார்கள். அதனால் மைலுக்கு எவ்வளவு என்று பேசும் வேலை மூத்தவள் தலையில் விழுந்தது. விழுந்ததை அவள் ஆசையாகவே எடுத்துக்கொண்டாள்.

அவசரச் சரக்குதான் அவர்கள் தொழில். சாதாரண லாரிக்காரர் பத்துப் பேர் சரக்கைச் சேர்த்து ஏற்றி, ஊர் ஊராக இறக்கிக்கொண்டு சாவகாசமாகப் போவார். இவர்கள் வேனில் ஒருவருடைய சரக்கு மட்டும்தான் ஏறும். சின்னப் பெட்டி ஒன்றே ஆனாலும் அதற்காகவே வண்டி புறப்பட்டு, வழியில் யாருக்கும் எதையும் இறக்காமல் போய்ச் சேரும். எங்கோ ஒரு இயந்திரம் நின்று, அங்கே வேலை செய்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்த வீட்டுத் தொலைபேசி அடிக்கும். கூப்பிடுகிறவர் குரலில் உள்ள பதற்றத்தைப் பார்த்து விலையை ஏற்றுகிறவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. மூத்தவள் அப்படிச் செய்ததில்லை. எடுப்பதற்கு முன் அரை நொடி கண்ணை மூடி, 'ஆண்டவனே, நியாயமான விலை வாயில் வரட்டும்' என்று வேண்டிக்கொள்வாள். வந்த விலையைச் சொல்லிவிட்டால், பிறகு மாற்ற மாட்டாள்.

அவளிடம் இரண்டு ரேட் இருந்தது. திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்ளச் சரக்கு கிடைக்கிற ஊருக்கு ஒரு பக்க ரேட். கிடைக்காத ஊருக்கு, வெறும் வண்டியாகத் திரும்பி வருகிற மைலையும் சேர்த்து இரு பக்க ரேட்.

அன்று காலை ரப்பர் தொழிற்சாலையிலிருந்து டெஸ்பாட்ச் சார் கூப்பிட்டார். சரக்கு அனுப்புகிற பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. வீட்டு வருமானத்தில் பாதி அவர் தருகிற ஓட்டம்.

"அம்மா, மலையடி பிளான்ட்ல வேலை நின்னு போச்சு. எட்டுப் பெட்டி ரப்பர் கேஸ்கெட் உடனே போகணும். வழக்கமான ரேட்தானே?"

"அதேதான் சார். வண்டி இப்பவே வந்துடும்."

போனை வைத்த பிறகுதான் அவள் கண் வரைபடத்தில் அந்த மலையடி ஊர் மேல் போய் நின்றது. அந்த ஊர்க் காகித ஆலை போன மாதம் மூடிவிட்டது. திரும்பும் சரக்கு வந்துகொண்டிருந்ததே அந்த ஆலையிலிருந்துதான். அது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்த விஷயம் தலையில் இருந்தது, பழகிய ரேட் நாக்கில் இருந்தது. நாக்கு முந்திக்கொண்டது.

வேறொரு நாளாக இருந்தால் நஷ்டத்தோடு போயிருக்கும். ஆனால் கணவன் நேர் எதிர்த் திசையில் ஓட்டத்தில் இருந்தான். வீட்டில் இருந்தது கொழுந்தன் மட்டும். கொழுந்தனின் மனைவிக்கோ நிறைமாதம், தலைப் பிரசவம்.

கொழுந்தன் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து நின்றான்.

"தம்பி, இறக்கின உடனே திரும்பிடு. வெறும் வண்டியாவே வா."

"எந்த ரேட் பேசினீங்க அண்ணி?"

அவள் வரைபடத்தைப் பார்த்தாள்.

"ஒரு பக்க ரேட்டா?"

"நாக்கு வழுக்கிடுச்சுப்பா."

"அண்ணி நாக்கு வழுக்குமா! அண்ணன் கேட்டா வண்டியை ஓரங்கட்டிட்டுச் சிரிப்பான்." சிரித்துவிட்டு அவனே குரலைத் தாழ்த்தினான். "விடுங்க. அங்கேயே ரெண்டு நாள் சுத்தினா ஏதாவது சிக்கும். கைக்காசுல டீசல் ஊத்திட்டு வந்தா இந்த மாசம் வண்டித் தவணைக்கு எங்க போறது?"

"தவணை கிடக்குது. உன் பொண்டாட்டியைப் பாரு."

"டாக்டர் அடுத்த வாரம்னுதானே சொன்னாங்க?"

"பிறக்கப் போறது உன் புள்ளைடா. சொன்ன பேச்சைக் கேக்குமா?"

உள்ளேயிருந்து இளையவள் குரல் கொடுத்தாள். "அவரை விடுங்கக்கா. அவருக்கு வேன்தான் மூத்த சம்சாரம், நான் ரெண்டாவது."

வார்த்தை வேடிக்கையாகத்தான் வந்தது. ஆனால் வேன் தெருமுனை திரும்பும் வரை அவள் ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மூத்தவள் அதைப் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவன் வெறும் வண்டியாக வர மாட்டான். அண்ணி செய்த தப்பு அண்ணிக்கு நஷ்டமாகக் கூடாது என்று அந்த ஊரில் தெருத்தெருவாகச் சரக்குத் தேடுவான். அவன் பாசமே அவனை அங்கே கட்டிப்போட்டுவிடும். டெஸ்பாட்ச் சாரைக் கூப்பிட்டு ரேட்டை ஏற்றிக் கேட்கலாமா? வண்டி கிளம்பிய பிறகு விலை ஏற்றுவதைப்போல அவளுக்கு அருவருப்பான காரியம் வேறில்லை. பாதி வருமானமும் அதோடு போனாலும் போகும். தெரிந்த சரக்கு ஏஜெண்டுகள் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தாள். இருவரும் கையை விரித்தார்கள்.

கடைசியில் டெஸ்பாட்ச் சாரையே கூப்பிட்டாள்.

"சார், வண்டி கிளம்பிடுச்சு. அதைப் பத்திக் கவலை வேணாம்."

"அப்புறம் ஏம்மா குரல் இப்படி இருக்கு?"

"அந்த ஊருக்கு ரேட்டைத் தப்பாச் சொல்லிட்டேன் சார். மாத்தச் சொல்லிக் கேக்கல, சொன்னது சொன்னதுதான். அங்கேர்ந்து இந்தப் பக்கம் வர்ற சரக்கு ஏதாவது தெரிஞ்சாச் சொல்லுங்க. எந்த ரேட்டுக்கு வேணா எடுத்துக்கிறோம். பையன் சீக்கிரம் வீடு திரும்பணும்."

"எந்தப் பையன்? சிரிச்சுக்கிட்டே கையெழுத்து வாங்குவானே, அவனா?"

"அவன்தான் சார். அவன் சம்சாரத்துக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

மறுமுனையில் அவர் காகிதங்களைப் புரட்டுவது கேட்டது. பின்னணியில் யாரோ யாரையோ அதட்டினார்கள்.

"ரேட்ல நான் கை வைக்க முடியாதும்மா. மேல அனுப்பி ஓகே வாங்கியாச்சு. சல்லிக்காசு கூட்டணும்னாலும் மூணு பேர் கையெழுத்து வேணும்."

"நான்தான் கேக்கவே இல்லையே சார்."

"என்னைப் பேச விடும்மா. அந்த பிளான்ட்ல எங்க காலிப் பெட்டி மலையாக் குவிஞ்சு கிடக்கு. கேஸ்கெட் போட்டு அனுப்புற பிளாஸ்டிக் பெட்டி. மாசக் கடைசியில லாரி போய் அள்ளிட்டு வரும். அதுல ஒரு வேன் அளவுக்கு இப்பவே எடுத்துக்கிறேன். அது என் கையில இருக்கிற விஷயம், யாரையும் கேக்க வேணாம். லாரிக்குக் குடுக்கிறதைத்தான் குடுப்பேன், உங்க அவசர ரேட்டெல்லாம் கிடையாது."

டீசலுக்கு அது தாராளம். மூத்தவள் பென்சிலை எடுத்து, வரைபடத்தில் அந்த ஊரிலிருந்து வீடு வரை ஒரு கோடு இழுத்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"என் பொண்ணு பொறந்தப்ப நான் இதே நாற்காலியில ஒரு பெட்டி போல்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். அந்த போல்ட் என்னாச்சுன்னு இன்னைக்கு இங்க ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. என் சம்சாரத்துக்கு மட்டும் இருக்கு. இப்பவும் சண்டைன்னா அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பா."

மற்றவர்களை மிரட்டியே பழகிய குரல் அது. அந்தக் குரலுக்குள் இப்படி ஒரு மனிதரை ஆண்டவன் உட்கார வைத்திருந்தது இத்தனை நாள் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. போனை வைத்துவிட்டு, அவருக்காகவும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டாள்.

செய்தி கேட்ட கொழுந்தன் டீசல் போடும் இடத்திலிருந்தே கத்தினான். "காலிப் பெட்டியா? அவசர வண்டியில காலிப் பெட்டி ஏத்திட்டு வந்தா மத்த டிரைவருங்க முன்னாடி என் மானம் போயிடும் அண்ணி!"

"மானத்தை அங்கேயே இறக்கி வச்சிட்டு வா."

மறுநாள் சாயங்காலம் வேன் கடகடவென்று தெருவுக்குள் வந்தது. தொழிற்சாலைக் கிடங்கு மூடும் நேரம் ஆகிவிட்டதால் பெட்டிகளைக் காலையில் இறக்குவதாகச் சொல்லிவிட்டு, கொழுந்தன் சாப்பிட்ட கையோடு தூங்கிப்போனான். இளையவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் குறட்டையைப் பற்றி மூத்தவளிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு பேசி இரண்டு நாளாயிற்று.

காலையில் பெட்டி இறக்க அவன் சாவியை எடுக்கும்போது இளையவளுக்கு வலி எடுத்தது. அண்ணன் இன்னும் வந்து சேரவில்லை, வேறு வண்டியும் இல்லை. வேனின் முன் இருக்கையிலேயே மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் பெட்டிகள் கூச்சல் போட்டன.

"மெதுவாப் போங்க," என்றாள் இளையவள். உடனே, "ஐயோ, வேகமாப் போங்க," என்றாள்.

"ரெண்டும் வேணாம், நேராப் போ," என்றாள் மூத்தவள்.

வலி சற்று விட்ட இடைவெளியில் இளையவள் அவள் தோளில் சாய்ந்தாள். "அக்கா, எனக்கு மைலுக்கு எவ்வளவு போடுவீங்க?"

"உனக்கு ஒரு பக்க ரேட்தான்டி. திரும்பும்போதுதான் சரக்கு இருக்கே."

ஓட்டுகிறவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இளையவளின் சிரிப்பு வலியில் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே அழைத்துப்போன பிறகு மூத்தவள் டெஸ்பாட்ச் சாரைக் கூப்பிட்டாள். "சார், காலிப் பெட்டி இன்னைக்கு வராது போல. நாங்க ஆஸ்பத்திரியில இருக்கோம்."

"காலிப் பெட்டிக்கு என்னம்மா அவசரம்? அது பாட்டுக்கு வண்டியில கிடக்கட்டும். அவன் எங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் வாசலில் வேனின் பின்கதவைத் திறந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். அவள் போய் அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"நான் கட்டிக்கிறேன் தம்பி. அவ உன்னைத்தான் தேடுவா. உள்ள போ."