கட்டாத படல்

மாசியில் அறுப்பு முடிந்து, உளுந்து தெளிக்காத வயல்களில் ஆட்டுக்கிடை இறங்கியதும் பூதலூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் கொல்லை வேலியின் நினைப்பு வந்துவிடும். அருள்மேரி வீட்டுக் கொல்லையில் புகுந்த ஆடுகள் கத்தரிச் செடிகளைக் குச்சியாக்கிவிட்டுப் போயின. மஸ்கட்டில் வெல்டராக இருக்கும் மகன் ஆண்டனி, தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போன் போட்டுத் தங்கையைக் கூப்பிடச் சொன்னான். ஈஸ்டருக்கு அவன் ஊருக்கு வருகிறான். பெண் வீட்டாரும் வீடு பார்க்க வருகிறார்கள்.

"ஆள் தேடாத, கிடைக்க மாட்டான். நீயே நின்னு செய்யி ஃபிளோரா. ஆனா சரியாச் செய்யி."

அந்தக் கடைசிச் சொல்தான் ஃபிளோராவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறவள் அவள். காலை ரயிலில் தஞ்சாவூர் போவாள். அங்கே ஜவுளிக்கடையில் வேலை, அது முடிந்ததும் கம்ப்யூட்டர் வகுப்பு. இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். வகுப்பில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கோவிந்தராசு வீடு. இரண்டு வீடும் முதுகோடு முதுகு. அந்த வீட்டு வாசல் பின்தெருவில் இருந்தது. போன வருஷம் அவர் மனைவி வேம்புவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மகன் பரிதி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கோவிந்தராசு வயலுக்குப் போய்விட்டால் வேம்புவுக்கு அருள்மேரிதான் எல்லாம். கட்டிலோரம் ஓர் அலுமினியத் தட்டும் கரண்டியும் இருக்கும். விளங்குகிற வலது கையால் வேம்பு தட்டினால் அருள்மேரி போவாள். கஞ்சி கொடுப்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள். இதெல்லாம் ஃபிளோராவுக்குத் தெரியும். அம்மா எந்த வழியாகப் போகிறாள் என்று மட்டும் அவள் யோசித்ததே இல்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலியை முடிக்கத் திட்டம் போட்டாள். அந்த இரண்டு நாளும் கோவிந்தராசு வயலுக்குப் போகாமல் தன் பக்கத்தில் நின்று துணை செய்தார்.

முதலில் ஒவ்வொரு வேலிக்காலாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். மேலே கல்லாக இருந்த மூங்கில் சில மண்ணோடு ஒட்டிய இடத்தில் உளுத்திருந்தன. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் வேலி நின்ற கோடு தொலைந்துபோகும் என்று ஒன்றைப் பிடுங்கி, அதே குழியில் புதுக் காலை நட்டு, பிறகுதான் மற்றதைத் தொட்டாள். களிமண் கோடையில் வெடிக்கும், கால் சாயும். அதனால் குழியில் செங்கல் துண்டைப் போட்டு இடித்தாள். கால்கள் நின்றதும், மூங்கில் பிளாச்சில் பின்னிய பழைய படல்களை அவற்றோடு கம்பியால் கட்டினாள். நடுநடுவே துளிர்த்து வேலியாகட்டும் என்று கிளுவைக் கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றியபோது தலைகீழாகப் போய்விடக் கூடாதென்று வெட்டும்போதே நுனியில் சுண்ணாம்பு தடவி வைத்துக்கொண்டாள்.

"கிளுவைக்கே பொட்டு வச்சு விட்டியா பாப்பா? பொண்ணு வீட்டுக்காரங்க பாக்க வர்றது உங்க அண்ணனையா, இதையா?" என்றார் கோவிந்தராசு.

ஃபிளோரா சிரித்தாள். சிரித்துவிட்டு அந்தப் போத்தை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிறு மாலை, பூவரசு மரத்துக்குப் பக்கத்துப் படலுக்கு வந்தாள். மற்றப் படல்களில் இற்றுப்போன கயிறாவது தொங்கியது. இந்தப் படலில் ஒரு முடிச்சுகூட இல்லை, சும்மா சாத்தியிருந்தது. கயிறு இற்று உதிர்ந்திருக்கும் என்று நினைத்தாள். ஆடு புகுந்ததும் இங்கேதான் போலிருக்கிறது.

"அதையும் கட்டிடுறியா பாப்பா?" என்று கோவிந்தராசு கேட்டார்.

"ஆமா மாமா. இதுலதான் கயிறே இல்ல."

அவர் படலைக் காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஃபிளோரா கட்டுக்கம்பியைச் சுற்றிக் குறட்டால் இறுக்கினாள். மனசு கேட்காமல் மறுபடியும் ஒரு முறுக்கு முறுக்கினாள். அடியில் கருவை முள்ளை அடைத்தாள்.

அருள்மேரி விளக்கேற்ற வந்தவள், அந்தப் படலுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றாள்.

"எப்படிம்மா இருக்கு? எனக்கென்னமோ இந்தத் தடவை எல்லாம் சரியாச் செஞ்சுட்டேன்னு தோணுது."

"நல்லா இருக்கும்மா" என்றாள் அருள்மேரி.

அந்த வாரம் அம்மா சீக்கிரமே படுத்துவிடுவதை ஃபிளோரா கவனித்தாள். முழங்காலில் தைலத்தின் வாசம் வீசியது. கேட்டதற்கு, "வயசாகலையா" என்றாள்.

அடுத்த ஞாயிறு அருள்மேரி முதல் பூசைக்குப் போயிருந்தாள். கோவிந்தராசு உளுந்துக்குக் காவலாக வயலுக்குப் போய்விட்டார். ஃபிளோரா அடுப்படியில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டணக், டணக். முதலில் வேறு ஏதோ என்று விட்டுவிட்டாள். சத்தம் வேகமானது. பிறகு எதுவோ தரையில் விழுந்து உருண்டது. அதன் பின் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் கொல்லைக்கு ஓடினாள். அறுப்பு முடிந்ததிலிருந்து அங்கே காயப்போட்டிருந்த வைக்கோலை நேற்றுத்தான் அம்மா வாரிப் போரில் போட்டிருந்தாள். வைக்கோல் மூடியிருந்த இடத்தில் இப்போது ஒற்றையடித் தடம் தெரிந்தது. புல் முளைக்காமல், கால் பட்டுப் பட்டு வழவழத்த தடம். அடுப்படி வாசலில் தொடங்கி, வளைந்து, பூவரசுக்குப் பக்கத்துப் படலில் போய் முட்டியது.

அவள் அந்தத் தடத்தின்மேலேயே ஓடி, படலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கம்பியை விரலால் பிரிக்கப் பார்த்தாள், நகம் பிய்ந்தது. முள் முழங்கையைக் கிழித்தது. குறடு எங்கே வைத்தோம் என்று நினைவுக்கு வரவில்லை.

"அத்தை" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை.

தெருவுக்கு ஓடினாள். தெருக்கோடி வரை போய், வாய்க்கால் கரையேறி, மதகைத் தாண்டி, பின்தெருவுக்குள் திரும்பினாள். இத்தனை தூரத்தையும் அம்மா இந்த வாரம் முழுக்க, கையில் கஞ்சியோடு, அந்த முழங்காலோடு நடந்திருக்கிறாள் என்பது மதகின்மேல் ஓடும்போதுதான் உறைத்தது.

வேம்பு கட்டிலிலிருந்து சரிந்து, வலது கைமேல் முழு உடம்பும் அழுந்த, முகம் தரையில் பதியக் கிடந்தாள். தட்டு சுவரோரம் கிடந்தது. ஃபிளோரா அவளைப் புரட்டி மடியில் சாய்த்துக்கொண்டாள். மூச்சு இருந்தது. கண் திறந்து பார்க்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"நீயா" என்றாள் வேம்பு, கோணிய வாயால். "தண்ணி கேக்கத்தான்டி தட்டினேன். மேரி வரலியேன்னு நானே செம்பை எடுக்கப் பாத்தேன்."

வலது மணிக்கட்டு அதற்குள் வீங்கியிருந்தது. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே கை அது.

மத்தியானம் எலும்பு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்த பிறகு, ஃபிளோரா கோவிந்தராசுவின் எதிரே போய் நின்றாள்.

"ஏன் மாமா சொல்லல? நீங்கதானே படலைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க."

அவர் துண்டை மடித்து மடித்துப் பார்த்தார். "வேலி உங்களுது பாப்பா. அதுல எனக்கு வழி விடுன்னு எந்த வாயால கேப்பேன்? மேரி தங்கச்சி கட்டாம வச்சது அவங்க மனசு. ஆண்டனி காசுல புது வேலி போடுறப்ப, இனி வழி வேணாம்னு நினைச்சிருப்பீங்களோன்னு இருந்துட்டேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே கேட்டாள். அருள்மேரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஒண்ணு ஒண்ணா பயந்து பயந்து செஞ்ச. உன் வாயால முதல் தடவையா சரியாச் செஞ்சுட்டேன்னு சொன்ன. அதைக் கலைக்க மனசு வரல. ஈஸ்டர் வரைக்கும் சுத்திப் போயிக்கலாம்னு நினைச்சேன். இப்ப பாரு, அவ கையைக் காவு கொடுத்துட்டேன்."

"நான் கட்டினதும்மா."

"நான் பாத்துக்கிட்டு நின்னேனே."

குறடு அலமாரியில், அவள் எப்போதும் வைக்கும் இடத்தில்தான் இருந்தது. ஃபிளோரா முதலில் முள்ளை வாரி ஒதுக்கினாள். பிறகு கம்பியை ஒவ்வொரு முறுக்காகப் பிரித்தாள். வெட்டினால் துண்டு மண்ணில் விழும், அம்மா வெறுங்காலோடு நடப்பாள். படல் விலகியதும் அதன் மேல் மூங்கிலில் ஓரிடம் மட்டும் கை பட்டுத் தேய்ந்து மினுங்குவதைப் பார்த்தாள். அன்றைக்கும் அது இப்படித்தான் மினுங்கியிருக்கும். ஆடு தள்ளாதபடி படலை வேலிக்காலோடு சேர்த்து ஒரு கயிற்று வளையம் மட்டும் போட்டாள். ஒரு விரலால் தூக்கிவிடலாம்.

அதற்குப் பிறகு வேம்புவால் தட்ட முடியவில்லை. அருள்மேரி கூப்பிடக் காத்திராமல் போய்ப் போய்ப் பார்த்தாள். ரயிலுக்குப் போகுமுன் ஃபிளோராவும் ஒரு நடை போனாள். கடைக்கு ஆண்டனி மறுபடி போன் போட்டபோது, "வேலி முடிஞ்சுதா? முழுசாக் கட்டியாச்சா?" என்று கேட்டான்.

"ஒரு படல் கட்டல. வேம்பு அத்தைக்கு."

அவன், "பூவரசுக்குப் பக்கத்துலயா? நானே மறந்துட்டேன் பாரு" என்றான்.

பங்குனிக் கடைசியில் கட்டுப் பிரித்தார்கள். கை பழையபடி ஆகவில்லை. விரல்கள் கரண்டியைப் பிடித்தன, ஆனால் இறுக்கமில்லை. அந்த ஞாயிறு ஃபிளோரா கட்டிலருகே உட்கார்ந்து, கரண்டியின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"நான் அடுப்படிக்குப் போறேன். போனதும் தட்டுங்க அத்தை."

"ஒண்ணும் வேணாமே. இப்ப எதுக்குடி?"

"கேக்குதான்னு பாக்கணும்."

"வேலிக்குப் பொட்டு வச்சவதானே நீ" என்றாள் வேம்பு.

ஃபிளோரா தடத்தின் வழியே நடந்து, வளையத்தைத் தூக்கி, படலைச் சாத்திவிட்டு, அடுப்படிக்குள் போய் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்தாள். அப்போதும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

மிக மெல்ல, டணக்.

சரியாகத்தான் கேட்டோமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. படலைத் திறந்துகொண்டு, தட்டினீங்களா என்று அத்தையிடமே கேட்கப் போனாள்.