நடுப்பொண்ணு போட்ட பிரேக்

காலை ஏழரை மணிக்கே என் கணவர் உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வம்புக்கு இழுத்தார். இருபது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிற மனிதர்.

"முந்திப் போறதுக்கு பிரேக் அடிக்கிற வண்டிய நான் எங்கயும் பார்த்ததில்ல."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அன்று இன்னும் கொஞ்சம் முன்னாலேயே இருந்தது. காட்டுத்தீயைக் கண்காணிக்க ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று செயற்கைக்கோள்களைச் சுற்ற விட்டிருக்கிறோம். அக்கா, நடுப்பொண்ணு, கடைக்குட்டி என்றுதான் அலுவலகத்தில் கூப்பிடுவோம். போன மாதம் எதிரே வந்த விண்வெளிக் குப்பைத் துண்டுக்கு வழிவிடப் போய், நடுப்பொண்ணு தன் இடத்திலிருந்து நானூறு கிலோமீட்டர் பின்தங்கிவிட்டாள். மிச்சமிருந்த எரிபொருள் இரண்டே தடவை என்ஜினை எரிக்கத்தான் காணும். முன்னேற ஒன்று, இடம் வந்ததும் அங்கேயே நிலைக்க ஒன்று. முதல் தடவை தப்பாகப் போனால் அவள் கதை முடிந்தது.

அன்று மதியத்துக்கான கட்டளையை எழுதியவள் நான். போன வருடம் இன்னொரு செயற்கைக்கோளின் என்ஜினைத் தேவைக்கு மேல் நாற்பது விநாடி எரியவிட்டு, அதன் ஆயுளில் பாதியைத் தின்றவளும் நான்தான். அதற்கப்புறம் என்னைப் பின்வரிசை மேசையில் வரைபடம் போட உட்கார வைத்துவிட்டார்கள். பதினான்கு மாதம் கழித்து அன்றுதான் கட்டளை நாற்காலி திரும்பக் கிடைத்தது.

சர்க்கரை டப்பாவை மேசை நடுவில் வைத்தேன். "இது பூமி. உங்க கையில இருக்கிறது அவ. அவ வேகத்த குறைச்சா பூமி கொஞ்சம் உள்ள இழுக்கும். உள்ள விழ விழ வேகம் ஏறும். உள்வட்டம் சின்னது வேற. சீக்கிரமே சுத்தி முடிச்சுடுவா."

"அப்ப ஆக்சிலேட்டர மிதிச்சா?"

"மேல ஏறிடுவா. மேல போனா மெதுவாயிடுவா. இன்னும் பின்தங்குவா."

"நல்ல ஊர் சட்டம்டா சாமி," என்று தலையில் அடித்துக்கொண்டார். "சரி, பிரேக் எங்க இருக்கு?"

"தனியா பிரேக் கிடையாது. முதுகுல ஒரே ஒரு என்ஜின். அவள அரை வட்டம் திருப்பி, முதுகு முன்னாடி வர்ற மாதிரி வச்சு எரிக்கணும்."

அவர் உப்பு டப்பாவை மேசைமேல் வைத்தார். பணிமனையில் வண்டியை எடுக்கும் முன் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் ஏறவே மாட்டார். அதே குரலில் கேட்டார். "இப்ப எந்தப் பக்கம் பார்த்து நிக்குறா?"

"முன்பக்கம்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. போன வியாழக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். நான் விடுப்பு. அன்று வெயில் பட்டு நடுப்பொண்ணின் பேட்டரி சூடாகிறது என்று ஏதோ மெயில் வந்திருந்தது. தலைப்பைப் பார்த்ததோடு சரி. போனில் அதைத் தேடித் திறந்தேன். வெயிலுக்காக அவளை அரை வட்டம் திருப்பி வைத்திருந்தார்கள். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறாள். என் கட்டளையோ 'இருக்கும் நிலையிலிருந்து அரை வட்டம் திருப்பி எரி' என்கிறது. ஏற்கெனவே திரும்பியிருப்பவளை இன்னொரு தடவை திருப்பினால் முகம் மறுபடி முன்னால் வந்துவிடும். அப்புறம் எரித்தால் அது பிரேக் இல்லை, ஆக்சிலேட்டர்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கையெழுத்தான கட்டளைக் கோப்பை யாருக்கும் தெரியாமல் மாற்ற முடியாது. சொல்லத்தான் வேண்டும். சொன்னால் மறுபடி பின்வரிசை மேசைதான். அலுவலகம் போய்ச் சேரும்வரை அந்த மேசையின் ஆடுகிற கால்தான் கண்முன் நின்றது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மேலாளர் அம்மா கணினியைத் திறந்துகொண்டிருந்தார். "என் கோப்பு தப்பு மேடம். அவ ஏற்கெனவே திரும்பித்தான் இருக்கா. நான் கவனிக்கல," என்றேன்.

பக்கத்திலிருந்த சக பொறியாளர் கடுகு துள்ளிக் குதித்தார். ஆள் சிறியவர், பேச்சு காரம். அதனால் அந்தப் பெயர். "நான்தான் மெயில் போட்டேனே!"

"போட்டீங்க. நான் படிக்கல."

மேலாளர் கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். "அவள திருப்பி வச்சது யாரு?"

"நான்தான் மேடம்," என்றார் கடுகு.

"இந்தக் கோப்ப சரிபார்த்துக் கையெழுத்து போட்டது?"

கடுகின் முகத்தில் ஈயாடவில்லை. "கணக்கு சரியா இருந்துச்சு. கணக்க மட்டும்தான் பார்த்தேன்..."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. "போன வருஷம் எரிஞ்சு முடிஞ்சப்புறம் வந்து சொன்னீங்க. இன்னிக்கு முன்னாடியே சொல்லியிருக்கீங்க. மாத்தி எழுதுங்க. கடுகு பக்கத்துல உக்காரட்டும். அனுப்புறது நீங்கதான்."

பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நான்கு மணி நேரம் நானும் கடுகும் வரிக்கு வரி சண்டை போட்டோம். ஒரு காகிதப் பெட்டியில் என்ஜின் இருக்கும் பக்கம் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடக்க, நான் கட்டளையைப் படித்தேன். இரண்டாவது சுற்றில் மேலாளரும் வந்து நின்று பார்த்தார்.

ஒன்று பத்துக்கு நடுப்பொண்ணு எங்கள் ஆன்டெனாவின் பார்வைக்குள் வந்தாள். அனுப்பினேன். என்ஜின் எரிந்து அணைந்தது. விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறவளிடமிருந்து நாங்கள் பிடுங்கியது விநாடிக்கு அரை மீட்டர், ஒரு குழந்தை தவழும் வேகம். அவள் அடிவானத்துக்குக் கீழே போய் மறைந்தாள். ஒரு சுற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிமிடம். காத்திருந்தோம். எதிரே இருந்த ரொட்டியை நான் தொடவே இல்லை.

பிரேக் போடாமல் இருந்திருந்தால் அவள் வரவேண்டிய நேரம் இரண்டு நாற்பத்தைந்து, முப்பத்தொரு விநாடி. ஆன்டெனாக்காரர் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார்.

"இருபத்தெட்டு... இருபத்தொன்பது... முப்ப— வந்துட்டா!"

கடுகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வலித்தது. அன்று அது நன்றாகத்தான் இருந்தது.

வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டேன். "நடுப்பொண்ணு முந்திட்டா!"

"எவ்வளவு?"

"ஒரு விநாடி."

மறுமுனையில் பேருந்துக் கதவு மூடும் சத்தம் கேட்டது. "ஒரு விநாடிக்கா இந்தப் பாடு?"

"ஒரு சுத்துக்கு ஒரு விநாடி. மூணு நாள்ல அவ இடத்துக்கு வந்துடுவா."

"நீ?"

உள்ளே என் நாற்காலிமேல் கடுகு தன் கோட்டைப் போட்டு வைத்திருந்தார், வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று.

"நான் வந்துட்டேங்க," என்றேன்.