ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்த போன்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: ஜன்னலோர நாற்காலியில் வீட்டின் பெரியவரான ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அவருக்கு எதிரே அவர் மனைவி, சோபாவில் மூத்த மகளும் அவள் கணவர் இன்ஷூரன்ஸ் மாப்பிள்ளையும், வாசலருகே ஸ்டூலில் நகரப் பேருந்து ஓட்டுநரான மகன், தேநீர்த் தட்டோடு நின்றிருந்த மருமகள். வேறு ஒருவரும் இல்லை. பின்னால் இதைப் பற்றிப் பேசிய பலர் தாங்களும் அந்த அறையில் இருந்தது போலவே பேசினார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மருமகளுக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட் சூப்பர்வைசர். விடிவதற்கு முன் போனால் மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். சாயங்காலம் கல்லூரி, மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பாடங்களையெல்லாம் ஒருவழியாக முடித்துக் கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டாள். மீதி இருந்தது இன்டர்ன்ஷிப் ஒன்றுதான். ஏதாவது ஒரு கம்பெனியில் பொறியாளரின் மேற்பார்வையில் வேலை பழகியாக வேண்டும். அது இல்லையென்றால் பட்டம் இல்லை.

அவளும் ஏறாத படி இல்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: காலையிலிருந்து சாயங்காலம் வரை வர முடியுமா? முடியாது. வேலையை விட்டுவிட்டு வரும் நிலையில் அவளும் இல்லை, வீடும் இல்லை. ஓரிடத்தில் போனை எடுத்த இளைஞன், "பையனுக்காகக் கேக்கறீங்களா ஆன்ட்டி?" என்று விசாரித்தான். அவள் சிரித்தபடி போனை வைத்துவிட்டு, நேரே போய் முகம் கழுவிக்கொண்டாள்.

வீட்டில் யாரும் அவளைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணவன் அவளுக்காகத் தன் ஷிப்டை இரண்டாக உடைத்து வாங்கிக்கொண்டான். எந்நேரம் வந்தாலும் அடுப்பின் பக்கத்தில் அவள் தட்டை மாமியார் மூடி வைத்திருப்பாள். பரீட்சைக் காலத்தில் மாமனார் செய்தியைச் சத்தமில்லாமல் பார்ப்பார். வாசிப்பவரின் வாயைப் பார்த்தே விஷயம் புரிந்ததுபோல் தலையாட்டிக்கொள்வார்.

கடைசியாக ஓரிடம் கனிந்து வந்தது. பாய்லர், நீராவிக் குழாய் அமைப்புகளை வடிவமைக்கும் சின்ன நிறுவனம். அதை நடத்திய பொறியாளர் ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "மத்தியானம் மட்டும் வர்ற மாதிரி முடியுமான்னு பாத்துட்டு போன் பண்றேன்" என்றார். அந்த போன் வரவில்லை. மருமகளும் திரும்பப் போய்க் கேட்கவில்லை. ஒருமுறை கேட்டு இல்லையென்றாகிவிட்டால் அந்த வாசலை மறுபடி தட்டுவதில்லை என்பது இந்த வீட்டின் முறை. வாழ வந்தவள் அதை வந்த புதிதிலேயே பழகிக்கொண்டிருந்தாள்.

அன்று பேச்சை ஆரம்பித்தது நாத்தனார்தான்.

"ஏன்டி, நீயும் அலையற அலைச்சலுக்கு ஒண்ணுகூட அமையலையா?"

"இல்ல அண்ணி. பாக்கலாம்."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா ஒரே போன்ல முடிச்சிருப்பேன்" என்றார் இன்ஷூரன்ஸ் மாப்பிள்ளை. அவருக்குத் தெரியாத ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

"போன வருஷம் எனக்கு இன்டர்நெட் கனெக்‌ஷனை ஒரே போன்ல முடிச்சீங்களே அத்தான், அதுக்குத்தான் இன்னும் காத்துட்டிருக்கோம்" என்றான் மகன்.

மாமனார் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, பெருமையாகத் தொண்டையைக் கனைத்தார்.

"ஏன் அமையாம? தானா தேடி வந்தாங்க. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

மருமகள் தட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"யாரு மாமா பேசினது?"

"ஒரு அம்மா. நீ போனை வீட்டுல மறந்து வெச்சுட்டுப் போனியே, அன்னைக்கு. மரியாதையாத்தான் பேசினாங்க. உங்க மருமகளுக்கு எங்ககிட்டப் பயிற்சிக்கு இடம் இருக்குன்னாங்க. நான் விட்டுடுவேனா? 'அம்மா, அவ இருபது பேரை வேலை வாங்கற சூப்பர்வைசர். அடுத்த வருஷம் இன்ஜினியர். இனிமே அவதான் நாலு பேருக்குப் பயிற்சி குடுக்கணும். பழகற பசங்க யாராவது இருந்தா கூப்பிட்டுக்கங்க'ன்னேன். சரிங்கன்னு வெச்சுட்டாங்க. இதையெல்லாம் உங்கிட்டச் சொல்லி எதுக்கு மனசைச் சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன்."

மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கு! வாசலுக்கு வந்த ரயிலைச் சிவப்புக் கொடி காட்டித் திருப்பி அனுப்பிட்டு, அதைப் பெருமையா வேற சொல்றீங்களே!"

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"அப்பா, அதைத்தான் அவ ஊரெல்லாம் தேடினா" என்றான் மகன். "அது அவமானம் இல்லப்பா. அது இல்லாமப் பட்டம் கிடையாது. உங்களுக்கும் முதல்ல யாரோ கொடி பிடிக்கச் சொல்லிக் குடுத்தாங்கதானே?"

மாமனாரின் முதுகு வளையவில்லை. அது வளைந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் கையிலிருந்த தேநீரை அதற்குமேல் அவர் குடிக்கவில்லை.

மருமகளுக்குக் கோபம் பொங்கியது. வாயைத் திறந்தால் வரக்கூடாத வார்த்தை வந்துவிடும் என்று, தட்டில் சிந்தியிருந்த தேநீரைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"விடுங்க மாமா" என்றார் இன்ஷூரன்ஸ் மாப்பிள்ளை. "அங்க நமக்கு ஆள் இருக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னா..."

"மாப்பிள்ளை, சிபாரிசுல வந்த நாற்காலியில இந்த வீட்டுல யாரும் உக்காந்ததில்ல."

"யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் அண்ணா" என்றாள் மருமகள். "நாளைக்கு நானே போய்க் கேக்கறேன்."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "அங்கயேவா? இன்னொரு தடவையா?"

"இன்னொரு தடவைதான் மாமா."

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "ஷிப்ட் முடிஞ்சு நேரா வா. உன் கம்பெனி கேட்டுல நிக்கறேன்."

"நீங்க எதுக்கு மாமா வெயில்ல?"

"பேசினது நான்."

மறுநாள் கழுத்து வரை பித்தான் போட்ட சட்டையோடு சலவைக்கூட வாசலில் மாமனார் நின்றிருந்தார். இருவரும் பேருந்து பிடித்துப் போனார்கள். அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியெல்லாம் ரப்பர் வாசனை. உள்ளே சுருட்டி வைத்த வரைபடங்கள், அவற்றின்மேல் பாரத்துக்கு ஒரு பழைய பித்தளை வால்வு. மூலையிலிருந்த மேஜையில் யாருடைய பையோ ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அந்த இடம் போய்விட்டது என்று மருமகளுக்குத் தோன்றியது.

பொறியாளர் உள்ளே வந்ததும் மாமனார் எழுந்து நின்றார்.

"போன்ல பேசினது நான். அது என் வார்த்தை. இவளுக்குத் தெரியாது. தப்பு என்னோடது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நீங்கதானா அது?" பொறியாளருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "உக்காருங்க ஐயா. ஆனா நீங்க வேண்டாம்னதும் அந்த இடத்தைக் கல்லூரிப் பையன் ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன். குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டேன்."

"வாங்கக் கூடாது" என்றார் மாமனார் கண்டிப்பாக. "நானா இருந்தாலும் வாங்க மாட்டேன்."

இவர் யார் பக்கம் பேச வந்தார் என்று மருமகளுக்கு ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது.

"வேற ஏதாவது இடம் இருக்கா மேடம்?"

"இப்போதைக்கு இல்லையேம்மா."

அவ்வளவுதான். இந்த வீட்டு முறைப்படி அந்த நொடியே எழுந்திருக்க வேண்டும். மாமனாரின் கை நாற்காலிக் கைப்பிடியை அழுத்துவதைப் பார்த்தாள். அவள் எழுந்திருக்கவில்லை.

"மேஜை வேண்டாம் மேடம். நாற்காலி வேண்டாம். வெளியில, சைட்டுல ஏதாவது வேலை கிடக்குதா? யாரும் தொட மாட்டேங்கற வேலையா இருந்தாலும் சரி."

பொறியாளர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஒண்ணு இருக்கு. ஒரு பழைய ஆஸ்பத்திரியோட அடித்தளம். எந்தக் குழாய் எங்க போகுதுன்னு வரைபடமே இல்ல. ஒவ்வொண்ணாத் தொடர்ந்து போய் அளந்து குறிக்கணும். மத்தியானம் பாய்லரை நிறுத்தற நேரத்துலதான் உள்ள போக முடியும். அப்பவும் கொதிக்கும். கேட்ட ஒருத்தரும் ஒத்துக்கலை." பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "ஆனா ஐயா, உங்க மருமக சூப்பர்வைசராச்சே. அங்க எங்க டெக்னீஷியன் சொல்றபடி அளவு டேப்போட முனையைப் பிடிச்சுட்டு நிக்கணும். அவன் இவங்களைவிட ரொம்பச் சின்னவன். சத்தம் போடுவான். பரவாயில்லையா?"

மாமனார் வாயைத் திறந்தார்.

"எந்த முனைன்னு மட்டும் தெளிவாச் சொல்லச் சொல்லுங்க" என்றார் அவர். "சரியாப் பிடிப்பா."

பொறியாளர் இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. அளந்ததையெல்லாம் சனிக்கிழமைகளில் வந்து வரைபடமாக அவளே போட வேண்டும். வேலை ஒழுங்காக முடிந்தால் கல்லூரிக்குத் தான் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

படியிறங்கும்போது மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ரொம்ப நன்றி மாமா."

"எதுக்கு? கெடுத்தவன் நான். கேட்டு வாங்கினவ நீ."

"போன்ல முன்பின் தெரியாதவங்ககிட்ட என்னை இன்ஜினியர்னு சொன்னீங்களே. என்னைப் பத்தி யாரும் அப்படிச் சொன்னதே இல்ல."

"அடுத்த வருஷம்னுதான் சொன்னேன்" என்று அவர் திருத்தினார். "வராத ரயிலை வந்துடுச்சுன்னு நான் எந்தக் காலத்துலயும் அறிவிச்சதில்ல."

அந்த அடித்தளத்தில் அவள் கரியும் வியர்வையுமாக வேலை பழகினாள். டெக்னீஷியன் சத்தம் போட்டான்தான். அவனே சூடான குழாய்க்கு அருகில் அவள் போகும்போது தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் கோடு நேராக வராமல் அவள் திணறியபோது, பொறியாளரே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சலவைக்கூடத்துத் தோழிகள் அவளுக்காக முன்கூட்டியே வந்து ஷிப்டை ஏற்றுக்கொண்டார்கள். மாமியார் அவளுடைய கரி படிந்த சட்டைகளை முகம் சுளிக்காமல் ஊறவைத்தாள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல அவளுக்கு வார்த்தை போதவில்லை. கல்லூரி வரைபடத்தை ஒப்புக்கொண்ட அன்று எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தன் கையாலேயே பரிமாறினாள். டெக்னீஷியன் வெட்கப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான். மாமனார்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, ஜன்னலோரத்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். அதில் வேறு யாரும் உட்கார்ந்து வீட்டார் பார்த்தது அன்றுதான்.

இப்போது சொந்தக்காரர்களிடையே ஒரு கதை உலவுகிறது: ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பொறியாளரின் காலில் விழுந்து மருமகளுக்கு இடம் வாங்கினாராம், அதற்கும் முன்பே இன்ஷூரன்ஸ் மாப்பிள்ளை போனில் சொல்லி வைத்திருந்தாராம். இரண்டும் பொய். இன்ஷூரன்ஸ் மாப்பிள்ளைக்கு அந்த நிறுவனத்தில் யாரையும் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் அந்த அறையில் நாற்காலியை விட்டு எழுந்தது பொறியாளர் வந்தபோதும் விடைபெற்றபோதும் மட்டுமே. இரண்டு முறையும் நிமிர்ந்துதான் நின்றார்.