சோற்று அறைக் குருவிகள்

வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஆளில்லாத பழைய பங்களாவின் பின்னால் பெரிய வலைக்கூடு கட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு அறைகள். இரண்டிலும் காட்டோரத்தில் பிடித்த கொண்டைக்குருவிகள். ஓர் அறைக்கு உண்ணிப்பழமும் வெட்டுக்கிளியும். மற்றதற்கு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் குருவிகள் பொறுக்குகிற சோறும் பாண் என்கிற ரொட்டித் துண்டும். தீனி மாறினால் குருவியின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் எப்படி மாறுகின்றன என்று எச்சத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான் பல்கலைக்கழக மாணவி நிலக்ஷியின் ஆராய்ச்சி. கூடப் படிக்கும் சுகந்தனுக்கும் அதில் பங்கு உண்டு.

அன்று காலை நிலக்ஷி சோற்று அறைக்குள் நுழைந்தாள். காலில் நீல வளையம் போட்ட குருவி தரையில், மூலையோரம், இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிட்டப் போனாள். பறக்கவில்லை. கீழே விரித்த தாளில் எச்சம் வெறும் தண்ணீராகப் பரவியிருந்தது.

"சுகந்தா, இங்க வா. நீலத்தப் பாரு."

அவன் எட்டிப் பார்த்தான். "குளிரா இருக்கும். நேத்து பூரா மழைதானே."

"அந்த ரூமுக்கும் அதே குளிருதான். அதுங்க கத்திக்கிட்டுத் திரியுதுங்க."

"இப்ப தீனிய மாத்துனா எல்லாம் வீணாப் போயிரும், நிலக்ஷி. வெள்ளிக்கிழமதான் கடைசி சாம்பிள். திரும்பக் குருவி புடிக்க பெர்மிட் தருவாங்கன்னு நெனைக்கிறியா?"

அவள் கூட்டைவிட்டு வெளியே வந்தாள். சிக்னல் கிடைக்கும் இடமான தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறி, விரிவுரையாளர் கஜேந்திரனுக்குப் போன் எடுத்து நீலத்தைப் பற்றிச் சொன்னாள்.

"ஒண்ணுக்கு சுகமில்லாமப் போறது நடக்கிறதுதான். அதத் தனியா வைங்க. மத்ததுங்க நல்லா இருந்தா நிப்பாட்டாதீங்க. நான் வியாழக்கிழம வர்றேன்."

"சேர், நல்லாத்தான் இருக்கான்னு எனக்கு..."

லைன் அறுந்துவிட்டது. மறுபடி எடுத்தும் கிடைக்கவில்லை.

இறங்கி வந்து நீலத்தை ஒரு பெட்டியில் வைத்து, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தாள். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் துணிப்பைக்குள் விட்டு நிறுத்தாள். போன வாரத்தைவிட எல்லாமே இளைத்திருந்தன. தராசு கெட்டுவிட்டதோ என்று பழ அறையிலிருந்து ஒன்றைப் பிடித்து நிறுத்துப் பார்த்தாள். அது இளைக்கவில்லை. இந்தக் குருவிகளைக் காட்டோரத்து வலையிலிருந்து எடுத்தவள் அவள்தான். தினமும் சோற்றை உதிர்த்துப் போட்டதும் அவள்தான்.

வெட்டுக்கிளியை நசுக்கி நீலத்தின் அலகோரம் வைத்தாள். அது வாயே திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் அவள் உள்ளங்கையிலேயே தலை சாய்ந்துவிட்டது.

நிலக்ஷி அதைப் பெட்டியில் கிடத்திவிட்டு எழுந்து சோற்றுத் தட்டை வெளியே எடுத்தாள். சுகந்தன் வாசலை மறித்தான்.

"சேர் சொல்லாமச் செய்யாத."

"சேர் வர்றப்போ இதுல எத்தன உசுரோட இருக்கும்? நீ சொல்லு."

அவன் பெட்டியைப் பார்த்தான். வழியை விட்டான். "இருக்கிற எச்சத்தையாவது இப்பவே எடுத்துக்குவோம்," என்றான்.

எடுத்து முடித்ததும் இருவரும் தூறலில் காட்டோரம் போய்ப் பழம் பறித்து வந்தார்கள். குருவிகள் அதைச் சீண்டவே இல்லை. தரையில் கிடந்த சோற்றுப் பருக்கைகளையே தேடித் தேடிக் கொத்தின. நிலக்ஷி மண்டியிட்டு ஒரு பருக்கை விடாமல் கூட்டி எடுத்தாள். அப்புறம் வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிந்தித்தான் செய்துவிட்டோமோ? இனிமேல் பழம் செரிக்காதோ? பனிமூட்டம் இறங்கத் தொடங்கியபோது ஒரு குருவி பழத்தைக் கொத்தி, கீழே போட்டு, மறுபடி எடுத்து விழுங்கியது. சுகந்தன் அவள் தோளைத் தொட்டான். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வந்த கஜேந்திரன் முதலில் சத்தம் போட்டார். பிறகு கூட்டுக்குள் போய் அவரே குருவிகளை நிறுத்தார். வெளியே வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "இத நான் அன்னைக்கே வந்து பார்த்திருக்கணும்."

வேறெதுவும் சாகவில்லை. உடம்பு தேறியதும் எல்லாவற்றையும் பிடித்த இடத்திலேயே பறக்கவிட்டார்கள். சோதனை முடிவு வர ரொம்ப நாளானது. சோற்று அறைக் குருவிகளின் குடலில் இருந்த பலவகை பாக்டீரியாக்கள், நீலம் மூலையில் ஒடுங்குவதற்கு முன்பே குறைந்துபோயிருந்தன. நீலம் அதனால்தான் செத்ததா என்று முடிவு சொல்லவில்லை. நிலக்ஷி அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

இப்போது அவள் கூடு வைப்பதில்லை. லயத்து வேலியோரமும் காட்டோரமும் தாள் விரித்து, தானாக விழும் எச்சத்தை மட்டும் எடுக்கிறாள். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. மரக்கொப்பில் ஒரு குருவி குளிருக்கு இறகை உப்பிக்கொண்டால்கூட, அது பறந்து போகும்வரை அவளால் அந்த இடத்தைவிட்டு நகர முடிவதில்லை.