பதினேழாம் எண் இரத்தம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு முழுக்க அனுராதா முடக்குவாதக்காரர்களின் இரத்தத்தோடுதான் கிடந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை ஆய்வகம். அவளுடைய ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வேலை. மூட்டு வீங்கி எரியும்போது, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனே திரிந்துபோய், இரும்பைத் துரு தின்பதுபோல உடம்பின் செல்களைத் தின்னத் தொடங்குகிறது. இரத்தத்தில் ஒரு மருந்தைக் கலந்து கொதிநீரில் வைத்தால் அந்தச் சேதம் இளஞ்சிவப்பாகத் தெரியும். சேதம் கூடினால் சிவப்பும் கூடும்.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் இரத்தமும் வேண்டியிருந்தது. மேலப்பாளையத்திலிருந்து நோயாளியான தன் அக்கா மஹ்மூதா பீவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரும் சித்தி ஜனாபா என்ற பெண்ணிடம் கேட்டாள். பீடி சுற்றுகிறவள், முப்பத்தெட்டு வயது.

"அக்காவுக்கு நல்லதுன்னா எடுத்துக்கிடுங்கம்மா" என்று உடனே கையை நீட்டினாள்.

நோயில்லாதவர் வரிசையில் அவளுக்குப் பதினேழாம் எண். கொதிநீரிலிருந்து தூக்கியபோது அந்தக் குழாய் மஹ்மூதாவின் குழாயைவிடச் சிவந்திருந்தது. மிச்ச இரத்தத்தில் அனுராதா மறுபடி செய்தாள். அதே சிவப்பு.

வழிகாட்டி தில்லைநாயகம் சார் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒத்தக் குழாய வச்சி என்னம்மா சொல்ல முடியும்? எங்கயோ கை தவறியிருக்கும். எடுத்துரு."

அனுராதா அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்தாள். மறுவாரம் சித்தி ஜனாபா, "என் ரத்தம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றும் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அது அவளை விடவில்லை. எந்தக் குழாயைத் தூக்கினாலும் முதலில் அந்தச் சிவப்புதான் கண்ணில் நின்றது. பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கும் பெண்களின் விரல் கணுக்களை எண்ணிக்கொண்டே போனாள். பூக்காரி முழம் போடும்போது பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சோறு பிசையும் தன் கையே ஒரு நாள் யாருடைய கையோ போலிருந்தது.

நவம்பரில் சித்தி ஜனாபா தனியாக வந்தாள். வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். விரல் கணுக்கள் பழுத்த அத்திப்பழம்போல வீங்கியிருந்தன.

"காலையில விரியவே மாட்டேங்குதும்மா. பீடி இலை நழுவிப் போவுது. அன்னைக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னியளே?"

அனுராதா எல்லாவற்றையும் சொன்னாள்: சிவப்பை, அடித்ததை, பொய் சொன்னதை. "அது இதுக்குத்தான் சிவந்துச்சான்னு இப்பவும் தெரியாதுக்கா. ஆனா உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

சித்தி ஜனாபா கையைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டாள். "அப்பவே சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேன்? பீடிதான் சுத்தியிருப்பேன்" என்றாள். "ஆனா தெரிஞ்சு சுத்தியிருப்பேன்லா."

அன்றே அனுராதா அவளை மூட்டு மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மாத்திரையில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது; வளைந்த இரண்டு விரல்கள் வளைந்தபடியே நின்றன. பதினேழாம் எண்ணைப் பட்டியலில் திரும்பச் சேர்த்தாள். தில்லைநாயகம் சார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார்.

தை பிறந்ததும் சித்தி ஜனாபா மகளோடு வந்தாள். பதினாறு வயது, அவளும் பீடி சுற்றப் பழகியிருந்தாள்.

"இவளுக்கும் எடுத்துப் பாருங்கம்மா. எதுவா இருந்தாலும் உள்ளதச் சொல்லுங்க."

மகள் சட்டைக் கையைச் சுருட்டினாள். அனுராதா ஊசியை எடுத்தாள். அந்த மெல்லிய கையில் நரம்பைத் தேடிக்கொண்டே, "உள்ளதச் சொல்றேன்க்கா" என்றாள்.