சல்லடை ஒதுக்கிய குரல்

1

இது என் சொந்தச் சரக்கு இல்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் தனக்கு நடந்ததாகச் சொன்னது. கேட்டதும் பகீரென்றது. அதை எங்கேயாவது இறக்கிவைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவனைச் 'சல்லடை' என்போம். கோப்புப் பகிர்வு வலையில் அவன் பெயரே அதுதான். அந்த வலைக்கு முதலாளி கிடையாது, தலைமைக் கணினி கிடையாது. அவரவர் கணினியில் இருப்பதை நேராகப் பரிமாறிக்கொள்வார்கள். அப்படியானால் குப்பையை யார் கூட்டுவது? இவனைப் போல நாலு பேர் சம்பளமில்லாமல் கூட்டுவார்கள். இவன் 'குப்பை' என்று குறித்தால், இவனை நம்புகிறவர்கள் திரையில் அந்தக் கோப்பு மறைந்துவிடும்.

2

(முதலில் "அறுவை சிகிச்சை அறையின் கதவு மெல்ல" என்று தொடங்கினேன். சீ, அழவைக்கிற வேலை. அடித்துவிட்டேன்.)

சல்லடையின் அக்காவுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தாக வேண்டும். மருத்துவமனைக்குப் போகுமுன் அக்கா தன் கணினியில் குரலைப் பதிந்தாள். பாட்டு இல்லை, புத்திமதி இல்லை. வீட்டில் ஒவ்வொருவரையும் எப்படிச் சாப்பிடக் கூப்பிடுவாளோ, அப்படியே. இந்தப் பகிர்வு வலையில் போட்டால் எல்லாருக்கும் போகும் என்று தம்பி எப்போதோ சொல்லியிருந்தான். அதை நம்பி அவன் நிறுவிக் கொடுத்த வலை மென்பொருளிலேயே போட்டாள். போனதா என்று தெரியவில்லை. பெயரை மாற்றி மறுபடி போட்டாள். 'கட்டாயம் கேளுங்க'. 'எல்லாருக்கும்'. 'கடைசியா ஒரு தடவை'.

3

ஒரே கோப்பு, பல பெயர், அனுப்பியவருக்குப் பெயர்கூட இல்லை, வெறும் எண். குப்பைக்கு வேறென்ன லட்சணம் வேண்டும்? சல்லடை திறந்துகூடப் பார்க்கவில்லை. தேநீரை உறிஞ்சியபடி குறித்தான்.

[இந்த இடத்தில் அவனை வில்லனாக்கப் பார்த்தேன். மனசு வரவில்லை. நானாக இருந்தாலும் குறித்திருப்பேன்.]

4

வீடு திரும்பிய அக்கா கைப்பேசியில் தட்டிக் காட்டினாள்: "என் குரல் வந்துச்சாடா?"

அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஓடிப்போய் அவள் கணினியைத் திறந்தான். பகிர்வுக் கோப்புறை காலி, வேறு பிரதியும் இல்லை. அவள் யாரை நம்புகிறாள் என்ற பட்டியலில் ஒரே ஆள்: சல்லடை. கீழே ஒரு கட்டம்: 'இவர் குப்பை என்பதை என் கணினியிலிருந்தும் அழி.' அதில் டிக் போட்டவன் அவனேதான், அக்காவுக்குத் தொல்லை இருக்கக் கூடாதே என்று. "எனக்கு யாரைடா தெரியும்? உன்னையே போடு" என்று, அதை நிறுவிய அன்றைக்கு அவள் வாயால் சொன்னாள்.



5

முடிவா? ஒன்றில், அழிந்ததை மீட்டுவிடுகிறார்கள். (பொய். மீட்புக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.) இன்னொன்றில் அவன் அக்காவிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்து

இல்லை, என்னால் முடியாது.

அவன் குறிக்கும் முன் யாரோ ஒருவர் அதைத் தன் கணினிக்கு இறக்கியிருக்கிறார். வலை அவ்வளவுதான் காட்டுகிறது. அதன்பின் அவர் இணைப்பில் வரவேயில்லை. அது நீங்களாக இருக்கலாம். கோப்புறையைப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருத்தி யார்யாரையோ சாப்பிடக் கூப்பிடுவாள். கடைசியில், "தம்பி, ஆறிப்போகுதுடா, வா" என்பாள். அழித்துவிடாதீர்கள்.

சல்லடை தன் குறியை எடுத்துவிட்டான். ஆனால் அவனைப் பார்த்து மற்றவர்கள் போட்ட குறிகள் இன்னும் சுற்றுகின்றன. ஆகவே வலையில் இணையுமுன் நீங்கள் நம்புகிறவர்களின் பட்டியலைக் காலி செய்யுங்கள், முதலில் அவனை நீக்குங்கள்; இல்லையென்றால் உங்களிடம் இருப்பதும் அழிந்துவிடலாம். இதை எழுதச் சொன்னதும் அவன்தான். கணினியை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.