பதினெட்டு நகர்த்தலும் ஒரு திருகும்

ஞாயிற்றுக்கிழமை காலை, சம்பந்தி வீட்டார் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கையில், மூன்று மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த புதிர்க்கட்டை தச்சரின் கையிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. ஆறு தேக்குத் துண்டுகளும் பட்டறைப் பலகையில் ஆளுக்கொரு பக்கமாகக் கிடந்தன. ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கிற ஆறு கட்டைகள். இதைத் தள்ளினால் அது அசையும், அது அசைந்தால் இன்னொன்று வழிவிடும். இப்படிப் பதினெட்டு முறை நகர்த்தினால்தான் முதல் கட்டையே வெளியே வரும். ஆனால் அவர் ஒன்றையும் நகர்த்தவில்லை. அழகு பார்க்கலாமே என்று கையில் எடுத்து லேசாகத் திருகினார், அவ்வளவுதான்.

ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருகினாலும் பிடித்து நிற்பதற்காகக் கத்தி மாதிரி இருக்க வேண்டிய விளிம்புகள் பாதி தேய்ந்த சோப்பைப்போல மழுங்கிக் கிடந்தன.

"அடியேய், இங்க வா!"

கட்டைகளுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெழுகு பூசுவது மனைவியின் வேலை. ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"மேல மட்டும் தேய், விளிம்புல கை வைக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"கூர் கூரா இருந்துச்சு. பேரன் கையக் கிழிச்சா யாரு பதில் சொல்றது?"

"இது பேரனுக்கு இல்லடி, சம்பந்திக்கு!"

"அவருக்கும் கைதானே இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சம்பந்தி கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாகத் தச்சர் எந்தப் புதிர்க்கட்டை செய்தாலும், அடுத்த தடவை வரும்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் வேர்க்கடலை உரிப்பதுபோல உரித்துப் போட்டுவிடுவார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "வேற ஏதாச்சும் கஷ்டமா இருக்கா, சம்பந்தி?" என்று ஒரு கேள்வி வேறு கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்ட நாளெல்லாம் தச்சருக்குச் சோறு இறங்காது. அந்த வாயிலிருந்து ஒரே ஒரு தடவை, "முடியல" என்கிற வார்த்தை வர வேண்டும். வந்தால் போதும், கட்டையைக் கட்டிக்கொண்டு அழலாம்போல இருந்தது அவருக்கு. அதற்காகவே இந்தத் தடவை, வழக்கமாக முதலில் காட்டுகிற மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

புதிதாக அறுக்க நேரமில்லை. நகர்த்தல் வரிசையை எழுதி ஆணி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த சீட்டை எடுத்து, பார்த்துப் பார்த்து மறுபடி கோத்தார். பதினெட்டு நகர்த்தலும் செய்தவருக்கே மனப்பாடம் இல்லை என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கடைசிக் கட்டை உள்ளே போய்ச் சேரவும் வாசல் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

சம்பந்தி உட்கார்ந்தார், சட்டைக் கையை மடித்தார், கட்டையை வாங்கினார். வாங்கியதும், கூடவே வந்திருந்த மருமகளை ஒரு பார்வை பார்த்தார். குழந்தையை மடியில் வைத்திருந்த மகள் லேசாகத் தலையை ஆட்டி, இல்லை என்றாள். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று தச்சர் நினைத்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம் போயிற்று. அரைமணி போயிற்று. சம்பந்தி காகிதம் கேட்டு வாங்கிக் கட்டம் போட்டார். இடம், வலம், மேல், கீழ் என்று கணக்கு வாத்தியாருக்கே உரிய ஒழுங்கோடு நேர்க்கோட்டில் மட்டுமே தள்ளினார். மகராசன், நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த மணிக்கட்டு கொஞ்சம் வளைந்தாலும் தச்சர் நாற்காலியில் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். திருகாதே, அப்பனே, திருகாதே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே, "மெதுவா பண்ணுங்க, அவசரமே இல்ல," என்று வெளியே சிரித்தார்.

ஒன்றேகால் மணி நேரம் ஆனபோது சம்பந்தி கட்டையை மேசைமேல் வைத்தார். நெற்றியைத் துடைத்தார். "சம்பந்தி, இது வந்து... என்னால..." என்று இழுத்தார். தச்சர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா டீத் தட்டோடு வந்தாள். தட்டை வைக்க இடம் வேண்டுமே என்று கட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தட்டை வைத்தாள். கட்டை முழுக்க விரல் அழுக்கு. டம்ளரைத் துடைக்கிற மாதிரி முந்தானையால் பிடித்து ஒரு திருகு திருகினாள்.

"ஐயய்யோ, ஒடச்சிட்டேனா?"

ஆறு துண்டும் டீத் தட்டில் கிடந்தன. சம்பந்தியின் முகம் போன போக்கு பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "பரவால்ல. நீங்களே ஒரு தடவ சேத்துக் காட்டுங்க, பாப்போம்," என்றார்.

தச்சர் இரண்டு துண்டுகளை எடுத்தார். மூன்றாவது எந்தப் பக்கம்? திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். புருஷன் தவிப்பது பொறுக்காமல் மனைவி நல்ல மனசோடு ஊருக்கே கேட்கிறமாதிரிக் கேட்டாள்: "ஏங்க, அந்தச் சீட்டு ஆணி டப்பாவுலதானே இருக்கு? எடுத்துட்டு வரவா?"

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது தச்சருக்கு. சம்பந்தி மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"சீட்டா? உங்களுக்குமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. மூலையில் இருந்த மகள் குழந்தையின் காலில் ஒழுங்காக இருந்த சாக்ஸைக் கழற்றி மறுபடி மாட்ட ஆரம்பித்தாள். தச்சர் அவளையே பார்த்தார். அடிப்பாவி. ஆறு வருடம். தன் சீட்டு, தன் மகள். கோபம் வரும் என்று காத்திருந்தார். சிரிப்புதான் வந்தது, அதுவும் வயிறு குலுங்கிக்கொண்டு.

"மாமா பாவம்னு மருமகதான் உங்க சீட்டப் போட்டோ எடுத்து அனுப்பும்," என்றார் சம்பந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. "இந்தத் தடவ வரல. என்னால முடியல, சம்பந்தி."

இதோ வந்துவிட்டது, ஆறு வருடம் காத்திருந்த வார்த்தை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தச்சருக்குத் தெரியவில்லை.

"என்னாலயும்தான்," என்றார்.

சீட்டு வந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, "மூணாவத இடது பக்கமா... இல்ல, உங்க இடது," என்று ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சம்பந்தியம்மாக்கள் இருவரும் ஊர்க்கதை பேசியபடி கழுவிய டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கையில் எடுப்பது, துணியோடு ஒரு திருகு, அலமாரியில் கவிழ்த்து வைப்பது.